தையல் வகுப்பின் பயனை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் தங்கள் பத்திரிகையின் உட்பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. பந்தலின் கீழ் வரிசையாகப் புதுத் தையல் இயந்திரங்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பெண், நடுவில் மாலை போட்ட விருந்தினர்கள். கீழே ‘வாழ்வாதார உதவி’ என்று போட்டிருந்தீர்கள். நான் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஓர் இயந்திரத்தில்கூட நூல் கோத்திருக்கவில்லை. தையல் ஆசிரியைகளுக்கு இப்படி ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மன்னிக்க வேண்டும்.

அந்த உதவியைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. ஆனால் ‘தையல்’ என்ற சொல் நம் பத்திரிகைகளில் வந்தால் அதன் பக்கத்தில் ‘வருமானம்’ என்ற சொல்லும் தப்பாமல் வருகிறது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

நான் பாடசாலைகளில் 31 வருடம் மனையியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். இப்போது 69 வயது. கோண்டாவில் பக்கத்தில் ஒரு சனசமூக நிலையத்தின் பின்அறையில் சனிக்கிழமை பின்னேரங்களில் தையலும் துணிவேலையும் சொல்லிக் கொடுக்கிறேன். கடந்த வருடம் ஒரு நிறுவனத்தார் எங்களுக்கு உதவ முன்வந்து ஒரு படிவம் தந்தார்கள். பயனாளியின் வயது 18 முதல் 45 வரை. பால்: பெண். பயிற்சிக்கு முந்திய மாத வருமானம் ஒரு கட்டம், பிந்திய மாத வருமானம் இன்னொரு கட்டம். படிவத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு என் வகுப்பை எண்ணிப் பார்த்தேன். 11 பேரில் 6 பேர் அந்தக் கட்டங்களுக்குள் வரவே மாட்டார்கள். ஒருத்திக்கு 13 வயது. ஒருவருக்கு 78. ஒருவர் ஆண், அதுவும் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர்.

அந்த ஐயா வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சனசமூக நிலையத்தின் முன்பக்கம் வாசிகசாலை, பின்பக்கம் நாங்கள். எங்கள் கால் மெசின்களின் சத்தத்தில் பேப்பர் வாசிக்க முடியவில்லை என்று முறைப்பாடு செய்யப் பின்அறைக்கு வந்தார். வந்தவர் மேசையில் கிடந்த பூவேலைத் துணியை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு சற்றுக் குரல் தாழ்த்தி, தன் வேட்டிக் கரை பிரிந்து கிடக்கிறது, யாராவது தைத்துத் தருவீர்களா என்று கேட்டார். தைத்துத் தர மாட்டோம், இருந்தால் சொல்லித் தருவோம் என்றேன். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தவர்தான், மூன்று வருடமாகிறது. ஓட்டுத் தையலில் ஓர் அங்குலத்துக்கு 12 எண்ணி வைப்பார். 11 வந்தால் பிரிப்பார். ஒரு சதம் பிசகினாலும் கணக்கை முடிக்காமல் வீட்டுக்குப் போக விடாத காலத்து வங்கிக்காரர். தங்கள் வளவில் முன்பு இருந்த துலாக் கிணற்றை அவர் நூலால் வரைந்திருக்கிறார். துலாவில் ஏறி மிதிப்பவர் யார் என்று கேட்டால் சொல்ல மாட்டார்.

ஆண்பிள்ளைக்குத் தையல் வகுப்பில் என்ன வேலை என்று ஊரில் சிலர் கேட்டார்கள். யாழ்ப்பாணப் பட்டணத்தில் நாம் காற்சட்டை தைப்பித்த கடைகளில் இயந்திரத்துக்கு முன்னால் இருந்தவர்கள் யார் என்று நான் திருப்பிக் கேட்டேன். பழந்தமிழில் தையற்காரருக்குத் துன்னகாரர் என்று பெயர். கூலி கிடைத்தால் ஆணின் தொழில், கிடைக்காவிட்டால் பெண்ணின் பொழுதுபோக்கு என்பது எந்தக் காலத்து நீதி என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் நாளில் நான் யாரையும் இயந்திரத்தில் இருத்துவதில்லை. ஒரு சாண் பருத்தித் துணியைக் கையில் கொடுத்து, ஓரத்தில் இருந்து ஓர் இழையை அறாமல் உருவச் சொல்வேன். இழை வந்த இடத்தில் துணியில் மெல்லிய கோடு ஒன்று விழும். அதன் வழியே வெட்டினால் கோணாது. நம் துணிக்கடைக்காரர்கள் கத்தரிக்கோலால் சிறிதாக ஒரு வெட்டு வைத்து, மிச்சத்தைச் சர்ரென்று கையால் கிழித்துத் தருவார்களே, அது இதனால்தான் முடிகிறது. பிறந்தது முதல் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள்கூட ஏன் நேராகக் கிழிகிறது என்று யோசித்திருக்க மாட்டார்கள். பிறகு அதே துண்டைப் பாவு, அதாவது நீளவாட்டு இழை, வழியே இழுக்கச் சொல்வேன், அசையாது. ஊடை, அதாவது குறுக்கிழை, வழியே இழுத்தால் சற்று இளகும். மூலைக்கு மூலை இழுத்தால் ரப்பர் போல நீளும். அந்த இடத்தில் ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு வெளிச்சம் வரும், பாருங்கள். எத்தனை வருடமாகச் சொல்லிக் கொடுத்தாலும் எனக்கு அது அலுப்பதில்லை. உண்மையைச் சொன்னால் அந்த முகங்களைப் பார்க்கத்தான் சனிக்கிழமை மத்தியானம் சோறு தின்ற களையோடு சைக்கிள் மிதித்து வருகிறேன்.

இனி, படிவம் என்னை மிகவும் கஷ்டப்படுத்திய ஒருத்தியைப் பற்றி. அவளுக்கு 27 வயது. படிவத்தின் எல்லாக் கட்டங்களுக்கும் பொருந்துகிறவள். ஓர் ஆடைத் தொழிற்சாலையில் நான்கு வருடமாக வேலை. அங்கே ஒருவர் ஒரு முழு உடுப்பைத் தைப்பதில்லை. ஒரு வரிசையில் ஒருவருக்கு ஒரு தையல், துணி கைமாறிக் கைமாறிப் போகும். இவளுக்குக் காற்சட்டையின் வலப்பக்கப் பை. நான்கு வருடமும் வலப்பக்கப் பை. மணித்தியாலத்துக்கு எத்தனை என்று கணக்கு உண்டு. அவள் போடும் தையல் அடிமட்டம் வைத்துக் கீறியது போல இருக்கும். எங்களுடைய கால் மெசினைக் கண்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது, அது நியாயந்தான்.

முதல் சனிக்கிழமை அவளிடம் இரண்டு யார் அளவு சீத்தைத் துணியைக் கொடுத்து, விருப்பமான எதையாவது தை என்றேன். அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: “எவ்வளவு நேரத்துக்குள், ரீச்சர்?”

நான் வருகிற சனி என்றேன். இல்லாவிட்டால் அதற்கு அடுத்த சனி. அவளுக்கு அது விளங்கவில்லை. கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் அப்படியே இருந்தாள். வெட்டுவது அவளுக்குத் தெரியாது. தொழிற்சாலையில் துணி வெட்டப்பட்டே அவளிடம் வரும். தப்பாக வெட்டினால் துணி பழுதாகிவிடுமே என்று பயந்தாள். பழுதானால் அதில் ஒரு கைக்குட்டை வரும், அதுவும் பழுதானால் ஊசி குத்தி வைக்கும் மெத்தை வரும், அதற்குக் கீழே பழுதாவதற்கு ஒன்றும் இல்லை என்று நான் சொன்னேன். அன்று அவள் வெட்டவில்லை. அடுத்த கிழமை பழைய பேப்பரில் வெட்டிப் பார்த்தாள் (உங்கள் பத்திரிகைதான், அளவு சரியாக இருக்கிறது). மூன்றாம் கிழமை துணியில் கத்தரிக்கோலை வைத்தாள்.

அக்காவின் மகளுக்கு ஒரு சட்டை. கழுத்து சற்று அகலம், ஒரு கை மற்றக் கையை விட அரை அங்குலம் நீளம். கீழ்விளிம்பில் சங்கிலித் தையலால் தானாகவே ஒரு கோழியும் நான்கு குஞ்சுகளும் போட்டிருந்தாள். நான் யாரையும் கோழி போடச் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லாம் பார்த்துவிட்டு, பை வைக்கவில்லையா என்று கேட்டேன்.

“பை வேண்டாம், ரீச்சர்” என்றாள்.

நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அவளும் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்தாள். இன்றும் அவள் அந்தத் தொழிற்சாலைக்குத்தான் போகிறாள். சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. முந்திய வருமானம், பிந்திய வருமானம் என்ற இரண்டு கட்டத்திலும் ஒரே தொகையைத்தான் எழுத வேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்தேன். உதவி வரவில்லை.

78 வயதுக்காரரைப் பற்றிச் சொல்வதென்றால் வேறு விதம். அவரை எல்லோரும் அம்மம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள், நான் அக்கா என்பேன். பழஞ்சீலைகளை அடுக்கித் தைக்கும் வேலையைத் தொடங்கிய அன்று ஒரு பையில் ஒன்பது சீலைகளோடு வந்தார். வங்காளத்தில் இப்படிப் பழஞ்சீலைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓட்டுத் தையலால் போர்வையாக்குவார்கள், காந்தா என்று பெயர். நம் வீடுகளிலும் பிள்ளை பிறந்தால் கேட்பது பழஞ்சீலைதானே. தோய்த்துத் தோய்த்து மெதுமையான துணிக்குப் புதுத்துணி ஈடாகாது. ஆனால் அக்கா ஒரு சீலையையும் வெட்ட விடவில்லை. ஒவ்வொன்றையும் விரித்து, எந்தக் கலியாணத்துக்கு யார் எடுத்தது, அன்று யாருக்கும் யாருக்கும் கோபம் என்று கதைத்தார். மூன்று சனிக்கிழமை கதையிலேயே போயிற்று. நாலாவது சனி, கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கி, ஒன்றை எடுத்துக் குறுக்கே ஒரே வெட்டு. மச்சாள் கொடுத்த சீலை. அதன்பிறகு மற்றவை சுலபமாக வெட்டுப்பட்டன. இரண்டு மட்டும் இன்னும் பைக்குள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நாங்கள் கேட்பதில்லை.

13 வயதுக்காரி கணித ரியூஷனுக்கும் விஞ்ஞான ரியூஷனுக்கும் இடையில் கிடைக்கும் ஒன்றரை மணித்தியாலத்தில் எங்களிடம் வருகிறாள். பூவேலை நூல் ஒரு சுருளில் ஆறு இழை முறுக்கியிருக்கும், எட்டு மீற்றர் நீளம். ஆறையும் சேர்த்துத் தைத்தால் கயிறு போல, ஒற்றை இழையில் தைத்தால் முடி போல. இதைப் பிரித்துக் காட்டியதில் இருந்து அவள் ஒற்றை இழையை விடுவதில்லை. போன தவணை ஒரு மயில் தைத்தாள். மயில் சுமாராகத்தான் வந்தது. ஆனால் துணியைப் புரட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்பக்கம் ஒரு நிறத்தில் இருந்து மற்ற நிறத்துக்கு நூல் தாவிய கோடுகள் எல்லாம் சேர்ந்து மழை பெய்வது போல இருந்தது. பின்பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று 31 வருடம் பிள்ளைகளின் புள்ளியை வெட்டியவள் நான். அவள் அந்தப் பின்பக்கத்தைக் கண்ணாடிச் சட்டமிட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள். என்னிடம் இப்போது அதற்கு மறுமொழி இல்லை.

எங்கள் ஊரில் இந்த ஆசை புதிதல்ல. பன்னவேலை செய்த நம் ஆச்சிமார் பெட்டிக்கும் நீற்றுப்பெட்டிக்கும் ஓலையைச் சாயத்தில் போட்டுச் சிவப்பும் பச்சையும் ஊடுவிட்டு இழைத்தது விற்பதற்கு மட்டுமா? வெறும் ஓலையில் இழைத்த பெட்டியும் நெல்லைத் தாங்கும். தேருக்குக் கட்டும் சீலைகளில் நிறநிறத் துணிகளை வெட்டி ஒட்டித் தைக்கிறார்களே, அதைத்தான் இப்போது பட்டணத்துக் கண்காட்சிகளில் புதுக் கலை என்று வைக்கிறார்கள். 1824 இல் உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியபோது எழுத்தோடு ஊசியும் பாடமாக இருந்தது. அன்று நல்ல மனைவியாக்குவதற்குத் தையல். இன்று நல்ல பயனாளியாக்குவதற்குத் தையல். 200 வருடத்தில் எதைத் தைக்க விருப்பம் என்று அவளைக் கேட்டவர்கள் குறைவு.

என்னிடமும் ஒருவரும் கேட்டதில்லை. நான் படிப்பிக்கக் கற்றதே 1995 ஒக்டோபர் 30 க்குப் பிறகுதான் என்று நினைக்கிறேன், அதற்கு முன்பே சம்பளம் வாங்கிய ஆசிரியையாக இருந்தாலும். போரினால் வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்த அந்த இரவில் என் அம்மாவின் சிங்கர் மெசினின் தலையை மட்டும் கழற்றி, சீலையால் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனேன். இரும்புக் கால் வீட்டிலேயே நின்றது. நாவற்குழி தாண்டும்போது அதன் பாரத்தில் சைக்கிள் இரண்டு தரம் சாய்ந்தது. வீசிவிட்டு வா என்று அண்ணர் சத்தம் போட்டார். சாவகச்சேரியில் ஒரு பாடசாலை மண்டபத்தின் மூலையில் அந்தத் தலையை ஒரு வாங்கில் வைத்துக் கயிற்றால் கட்டினேன். மிதிக்கக் கால் இல்லை. ஆகவே ஒரு பிள்ளை சில்லைக் கையால் சுற்றும், நான் துணியைப் பிடிப்பேன். பிறகு நான் சுற்ற, பிள்ளை துணியைப் பிடிக்கும். மாப் பையிலும் கிழிந்த சாரத்திலும் தைத்தோம். மண்ணெண்ணெய்க்கு வழியில்லாத நாட்கள், ஜாம் போத்தல் விளக்கு, சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழம். அந்த மூலையில் முதலில் தைத்தது யாருக்காவது சட்டையாக இருந்திருக்க வேண்டும், உண்மையில் எல்லோருக்கும் உடுப்புத் தேவையாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளைகள் முதலில் தைத்தது ஒரு பந்து. துணித்துண்டுகளை எட்டு இதழாக வெட்டி, உள்ளே கந்தல் அடைத்து, அரைமணித்தியாலத்தில் மண்டபம் முழுக்க அது உருண்டது. நான் தடுக்கவில்லை.

அந்தத் தலை இன்னும் ஓடுகிறது. அடுத்த வருடம் வீடு திரும்பியபோது இரும்புக் கால் முற்றத்தில் துருப்பிடித்துக் கிடந்தது, எண்ணெய் விட்டுப் பூட்டினோம். 2022 இல் 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டிய நாட்களில் வகுப்பின் ஒரே மின்சார மெசின் உறை போட்டபடி கிடக்க, இது மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. வாசிகசாலைக்காரர் அன்றைக்கும் முறைப்பாடு சொன்னார்கள்.

வகுப்பில் நாங்கள் துணிக்குச் சாயம் போட்ட கதை நீளமானது, சுருக்குகிறேன். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணக் கரையிலும் மன்னாரிலும் மண்ணைக் கிளறிச் சாயவேர் எடுத்தார்கள். படிகாரத்தோடு சேர்ந்தால் துணியில் சிவப்பு ஏறும். அந்த வேர் எங்களுக்குக் கிடைக்கவில்லை. சுன்னாகம் சந்தையில் வெங்காயத் தோலை ஓர் உரப்பை நிறையக் கேட்டு வாங்கினோம். வியாபாரி எங்களைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். மழைத்தண்ணீரில் காய்ச்சிய பானையில் துணி பொன்மஞ்சளாக வந்தது. கிணற்றுத் தண்ணீரில் காய்ச்சியது பனங்கட்டி நிறம். நம் கிணற்றில் சுண்ணாம்பு எவ்வளவு என்பதற்கு ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டியதில்லை. துருப்பிடித்த ஆணி நான்கைப் போட்டதும் அது இன்னும் கறுத்தது. வங்கி ஐயா மூன்றுக்கும் கணக்கு எழுதி வைத்திருக்கிறார், பக்கம், திகதி எல்லாம் போட்டு.

இப்போது என் வேண்டுகோள். இயந்திரம் கொடுப்பவர்கள் தயவுசெய்து தொடர்ந்து கொடுங்கள். ஆனால் பத்து இயந்திரம் கொடுக்கிற இடத்தில் எட்டைக் கொடுத்து, மிச்சக் காசில் ஒரு வருடத்துக்கு ஓர் ஆசிரியைக்கும் நல்ல வெளிச்சமுள்ள ஓர் அறைக்கும் வழி செய்யுங்கள். நான் போன வீடுகளில் பாதி இயந்திரங்களின் மேல் தொலைக்காட்சிப் பெட்டியோ சாமிப் படமோ இருக்கிறது. ஊசி முறிந்தால் எந்த இலக்கம் வாங்குவது என்றுகூட அந்தப் பிள்ளைகளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. படிவத்தில் வயதெல்லையை எடுத்துவிடுங்கள். ‘பால்’ என்ற கட்டத்தில் பெண் என்று முன்கூட்டியே அச்சடிக்காதீர்கள். ‘வருமானம்’ இருக்கட்டும், என் வகுப்பிலும் மூன்று பேர் சட்டை தைத்துக் காசு உழைக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் அதற்குக் கீழே ‘என்ன தைத்தார்’ என்று ஒரு வரி விடுங்கள். கோழியும் நான்கு குஞ்சும் என்று நான் எழுத வேண்டும்.

பட்டணத்துத் தையற்கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வெட்டி மிஞ்சும் துண்டுகளை எரிக்க வேண்டாம், பையில் கட்டி வைத்தால் நாங்களே வந்து எடுக்கிறோம். பருத்தியாக இருந்தால் நல்லது, நைலோன் வேண்டாம். வகுப்பு சனி இரண்டரை மணிக்கு. மைம்மலுக்கு முன் முடித்துவிடுவோம், பொழுதுபட்டபின் ஊசி இரவல் கொடுக்கக் கூடாது என்று அம்மம்மா விட மாட்டார்.

இப்படிக்கு,
ஒரு தையல் ஆசிரியை,
கோண்டாவில்.